ராணுவத்துக்குப் போகிற பையனுக்குக் கைத்துப்பாக்கியும் ஹோல்ஸ்டரும்: எதைப் பார்த்து எடுப்பது?

நொய்யல்_செந்தில்:

எல்லோருக்கும் வணக்கம். என் அக்கா பையன் பரங்கிமலை ஓ.டி.ஏ.வில் (ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில்) பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறான். சீக்கிரமே லெப்டினன்ட் ஆகிவிடுவான். எங்கள் குடும்பத்தில் பட்டாளத்துக்குப் போகிற முதல் ஆள் அவன்தான். தாய்மாமன் முறைக்கு நான் ஏதாவது செய்தாக வேண்டும். மோதிரம், வாட்ச் எல்லாம் வேண்டாம், அவன் உடம்போடு இருந்து அவனைக் காப்பாற்றுகிற பொருளாக இருக்கட்டும் என்று நினைக்கிறேன். நல்ல பிஸ்டல் ஒன்று, அதற்கேற்ற ஹோல்ஸ்டர் (உறை) ஒன்று.

வீடியோக்களைப் பார்த்தால் ஒருத்தர் கிளாக் என்கிறார், இன்னொருத்தர் சிக் சாவர் என்கிறார். ஹோல்ஸ்டரிலும் அப்படித்தான். இடுப்பில் மாட்டுவது, தொடையில் கட்டுவது, நெஞ்சில் வைப்பது, லெவல் 2, லெவல் 3 என்று போய்க்கொண்டே இருக்கிறது. அவன் காலாட்படைக்குப் போவான் போலத் தெரிகிறது. சர்வீஸில் இருந்தவர்கள், இருப்பவர்கள் சொல்லுங்கள். செலவைப் பற்றிக் கவலை இல்லை.

மதராஸ்_சுபேதார்:

வாழ்த்துகள் தம்பி. பையனுக்கு என் ஆசிகளைச் சொல்லுங்கள். மதராஸ் ரெஜிமென்ட்டில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நேராகவே சொல்லிவிடுகிறேன். பிஸ்டலை நீங்கள் வாங்கித் தர முடியாது. தந்தாலும் அவன் டூட்டிக்கு அதை எடுத்துப் போக முடியாது. யூனிட் கோத்தில் (ஆயுத அறையில்) என்ன இருக்கிறதோ அதைக் கையெழுத்துப் போட்டு வாங்குவான், வேலை முடிந்ததும் திரும்ப ஒப்படைப்பான். அந்தப் பிஸ்டலின் நம்பர் ரிஜிஸ்டரில் இருக்கும், தோட்டாவுக்கும் கணக்கு இருக்கும். ராணுவத்தில் சொந்தத் துப்பாக்கியோடு யாரும் ரோந்து போவதில்லை.

சட்டமும் இடம் கொடுக்காது. 9 மி.மீ. நம் நாட்டில் தனியாருக்குத் தடை செய்யப்பட்ட ரகம். உரிமம் எடுத்தால் .32 மாதிரிதான் கிடைக்கும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ளவும் முடியாது. அது வீட்டுப் பாதுகாப்புக்கு வாங்குவது, அவனுடைய டூட்டிக்கு உதவாது.

பையன் கைக்குப் பெரும்பாலும் வரப்போவது பிஸ்டல் ஆட்டோ 9 மி.மீ. 1ஏ. மேற்கு வங்கத்து இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரியில் செய்தது. 1935-ல் பெல்ஜியத்தில் வந்த பிரவுனிங் ஹை-பவர்தான் அதற்கு மூலம். மேகசினில் (தோட்டா அடுக்கும் பெட்டியில்) 13 ரவுண்டு. பழைய டிசைன்தான், ஆனால் கைக்குள் நன்றாக உட்காரும், நிதானமாகச் சுட்டால் குறி தவறாது. கிளாக் எல்லாம் பாரா எஸ்.எஃப்., என்.எஸ்.ஜி. மாதிரி சிறப்புக் கமாண்டோ படைகளில் இருக்கும். அங்கே போனால் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். காஷ்மீர் பள்ளத்தாக்கில் ஆபரேஷன் போகும் இளம் அதிகாரி கையில் பெரும்பாலும் ஏ.கே. ரைஃபிள்தான் இருக்கும். பிஸ்டல் இரண்டாவது ஆயுதம். அது நாள் முழுக்க உடம்பில் கிடக்கும், மாதக்கணக்கில் வெளியே வராது, வரவேண்டிய ஒரு நாளில் அது இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது ஹோல்ஸ்டர். உங்கள் பணத்தை அதில் போடுங்கள். அதையும் யூனிட்டில் கேட்டுவிட்டுத்தான் மாட்ட முடியும், இருந்தாலும் பல இடங்களில் அனுமதிப்பார்கள்.

நொய்யல்_செந்தில்:

ரொம்ப நன்றி ஐயா. இது எதுவும் எனக்குத் தெரியாது. சரி, பிஸ்டலை விட்டுவிடுகிறேன். ஹோல்ஸ்டர் என்றால் எந்த மாதிரி? 1ஏ-வுக்கு என்று தனியாகக் கிடைக்குமா?

கோவை_ரேஞ்ச்:

நான் போட்டிகளில் சுடுகிறவன், ராணுவ அனுபவம் இல்லை. அளவில் 1ஏ-வும் ஹை-பவரும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் ஹை-பவருக்கு என்று செய்த ஹோல்ஸ்டர்களைத் தேடுங்கள், பொருந்த வாய்ப்பு அதிகம். என் சிபாரிசு, மூடி இல்லாத கைடெக்ஸ் ஹோல்ஸ்டர். சூடாக்கி அச்சில் அழுத்திச் செய்த பிளாஸ்டிக் தகடு. டிரிக்கர் கார்டை (டிரிக்கரைச் சுற்றியுள்ள வளையத்தை) பிடித்து நிற்கும், இழுத்தால் நேராக வந்துவிடும். ஒரு ஸ்க்ரூவைத் திருகினால் இறுக்கத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். மூடி போட்டது, பட்டன் வைத்தது எல்லாம் நேரத்தைத் தின்னும். ஆபத்து நேரத்தில் ஒரு விநாடி பெரிய விஷயம்.

மதராஸ்_சுபேதார்:

தம்பி, ரேஞ்சில் உங்களுக்கு அது சரி. அங்கே யாரும் உங்களைக் கீழே தள்ளுவதில்லை.

மலையில் ரோந்து என்றால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். முழங்கால் அளவு நாலாவை (ஓடையை) கடக்க வேண்டும். கம்பி வேலிக்கு அடியில் மல்லாந்து போக வேண்டும். கல்லுச் சரிவில் பின்பக்கமாக உட்கார்ந்து இறங்க வேண்டும். ராத்திரியில் வண்டியின் பின்கதவைத் தாண்டிக் குதிக்க வேண்டும். வெறும் இறுக்கத்தை நம்பிய ஹோல்ஸ்டர் இதில் எத்தனை நாள் தாங்கும்? பிஸ்டல் தொலைந்தால் அது ஒரு பொருள் தொலைந்த கதையாக முடியாது. மொத்தக் கம்பெனியும் அந்தச் சரிவை அங்குலம் அங்குலமாகத் தேடும், கோர்ட் ஆஃப் என்கொயரி உட்காரும், அந்தப் பையனின் பெயர் காகிதத்தில் ஏறும். அது எதிரி கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

எங்கள் காலத்தில் மூடி போட்ட ஹோல்ஸ்டர், கூடவே லேன்யார்ட். 1ஏ-வின் பிடிக்கு அடியில் வளையம் இருக்கும், அதில் கயிற்றை மாட்டி மறுமுனையை உடம்போடு கட்டிவிடுவோம். பிஸ்டல் கையை விட்டு வழுக்கினாலும் கூடவே தொங்கும். பார்க்கப் பழசாக இருக்கும், ஆனால் அதைவிட நம்பிக்கையான பிடிப்பு இன்றைக்கும் வரவில்லை என்பதே என் எண்ணம்.

டெக்சாஸ்_கதிர்:

சுபேதார் ஐயாவுக்கு வணக்கம். நான் அமெரிக்க ராணுவத்தில் மிலிட்டரி போலீஸ் சார்ஜென்ட். எங்களுக்குப் பிஸ்டல்தான் அன்றாட ஆயுதம், அதனால் ஹோல்ஸ்டர் பற்றி நிறையப் பேசுவோம். எங்கள் பக்கக் கதையையும் சொல்கிறேன். இரண்டு நாட்டுக்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை.

இங்கேயும் பிஸ்டலைப் படைதான் தீர்மானிக்கும். 1911-ல் இருந்து .45 எம்1911, 1985-ல் 9 மி.மீ. பெரெட்டா எம்9, 2017 ஜனவரியில் சிக் சாவர் பி320-ஐ அடிப்படையாகக் கொண்ட எம்17, எம்18. அந்த ஒப்பந்தத்தின் உச்சவரம்பே 58 கோடி டாலர். முதலில் கிடைத்தது 101-வது ஏர்போர்ன் டிவிஷனுக்கு. அதில் எனக்குப் பிடித்தது, பிடியை மூன்று அளவில் மாற்றிக்கொள்ளலாம் என்பது. சின்னக் கைக்காரருக்கு அது பெரிய உதவி. மேகசின் 17, நீளமானதில் 21. பிரிட்டிஷ் படையும் 2013-ல் இதே காரணங்களுக்காக ஹை-பவரை விட்டுவிட்டு கிளாக் 17-க்கு மாறியது. 25,000 பிஸ்டல் வாங்கினார்கள். எடை குறைந்தது, 13 ரவுண்டு 17 ஆனது.

இப்போது ஹோல்ஸ்டர். எம்9 காலத்தில் கொடுத்தது எம்12 என்ற நைலான் ஹோல்ஸ்டர், மேலே பெரிய மூடி. மூடியை மாற்றிப் போட்டால் இடது கைக்காரரும் மாட்டலாம். மண், மழை எல்லாவற்றையும் தடுக்கும். ஆனால் ஒற்றைக் கையால் மூடியைத் திறந்து பிஸ்டலை எடுத்து, மறுபடி ஒற்றைக் கையால் உள்ளே வைத்துப் பாருங்கள், சிரமம் புரியும். எங்கள் வேலையில் இடது கையால் ஒருவரைப் பிடித்துக்கொண்டே வலது கையால் பிஸ்டலைத் திரும்ப வைக்க வேண்டி வரும். அதனால் இப்போது கட்டிப் பிளாஸ்டிக்கில் வார்த்த, தானே பூட்டிக்கொள்ளும் ஹோல்ஸ்டர்கள்தான். சஃபாரிலேண்ட் செய்யும் ஏ.எல்.எஸ். வகையை உதாரணமாகச் சொல்லலாம். பிஸ்டலை உள்ளே தள்ளினால் தானாகப் பூட்டும். எடுக்கும்போது கட்டைவிரல் எப்படியும் போகிற இடத்தில் ஒரு நெம்புகோல் இருக்கும். அதைப் பின்னால் தள்ளினால் விடும். அதற்கு மேல் சுழல்கிற ஒரு கொக்கிப் பட்டையும் சேர்த்தால் பிடிப்பில் அடுத்த லெவல்.

மூடியா, திறந்ததா என்று இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. கோவை நண்பர் சொல்லும் வேகமும் ஐயா சொல்லும் பிடிப்பும் இதில் ஓரளவு சேர்ந்தே கிடைக்கும். லேன்யார்டையும் இதோடு மாட்டலாம்.

கோவை_ரேஞ்ச்:

ஐயா சொன்னதை ஏற்கிறேன், சரிவும் நாலாவும் என் கணக்கில் இல்லாத விஷயங்கள். ஆனால் கதிர் அண்ணா, ஆள்காட்டி விரலால் ஒரு பட்டனை அழுத்தினால் விடுகிற மாதிரியும் உண்டே? சந்தையில் அதுதான் மலிவாக நிறையக் கிடைக்கிறது. நம் ஊர் ஆன்லைன் கடைகளிலும் அதன் நகல்கள்தான்.

டெக்சாஸ்_கதிர்:

அதை மட்டும் வாங்காதீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதில் காலில் குண்டு பாய்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

அந்தப் பட்டன் இருப்பது டிரிக்கருக்கு நேர் வெளிப்புறத்தில். ஆள்காட்டி விரலை நீட்டி, தட்டையாக அழுத்த வேண்டும் என்பது விதி. நிதானமாக இருக்கும்போது எல்லோரும் அப்படித்தான் அழுத்துவார்கள். பதற்றத்தில் விரல் நுனி மடங்கும், பட்டனைக் குத்தும். பிஸ்டல் மேலே வரும்போதும் அந்த விரல் அதே அழுத்தத்தோடு உள்ளே நுழையும். அது நுழைகிற இடம் டிரிக்கர். குழல் அப்போது இன்னும் தொடையைப் பார்த்துக்கொண்டு இருக்கும். இன்னொரு குறையும் உண்டு. பட்டனுக்கு அடியில் ஒரு சின்னக் கல் புகுந்தால் பூட்டு விடவே விடாது. தரையில் ஊர்ந்து எழுந்தவனுக்கு இது சாதாரணமாக நடக்கக்கூடியது. அமெரிக்க மத்திய போலீஸ் பயிற்சி மையம் உட்படப் பல பயிற்சிக்கூடங்கள் அந்த வகையை உள்ளே விடுவதில்லை.

கட்டைவிரலோ நடுவிரலோ விடுவிக்கிற மாதிரி எடுங்கள். ஆள்காட்டி விரலுக்கு ஹோல்ஸ்டரில் எந்த வேலையும் இருக்கக் கூடாது. அது வெளிப்பக்கம் நேராக நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நொய்யல்_செந்தில்:

கதிர் தம்பி, சிக் சாவர் தானாகச் சுட்டுவிட்டது என்று செய்தியில் வந்ததே, அது ஹோல்ஸ்டரால் நடந்ததா, துப்பாக்கியாலா? அக்கா அதைப் படித்துவிட்டு ரொம்பப் பயந்துபோய் இருக்கிறாள்.

டெக்சாஸ்_கதிர்:

அக்காவிடம் முதலில் ஒன்று சொல்லுங்கள். பையன் கைக்கு வரப்போவது அந்தப் பிஸ்டல் இல்லை, அதன் உள் அமைப்பே வேறு.

நடந்தது இது. 2017 ஆகஸ்டில், சில கோணங்களில் கீழே விழுந்தால் பி320 சுடுகிறது என்று சோதனைகளில் தெரிந்தது. கம்பெனி இலவசமாக மாற்றித் தரத் தொடங்கியது. அதற்குப் பிறகும், ஹோல்ஸ்டரில் இருந்தபோதே சுட்டது என்று போலீஸ்காரர்கள் பலர் வழக்குப் போட்டார்கள். டிரிக்கரை எதுவும் தொடாமல் அது சுடாது என்பது கம்பெனியின் வாதம். 2025 ஜூலையில் வயோமிங்கில் உள்ள விமானப்படைத் தளத்தில் ஒரு வீரர் இறந்தார். உடனே விமானப்படையின் ஒரு பிரிவான குளோபல் ஸ்ட்ரைக் கமாண்ட் தன் எம்18 எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துப் பரிசோதித்தது. ஆகஸ்டில், அந்த மரணம் தொடர்பாக இன்னொரு வீரர் கைதானார், பிஸ்டல்களும் திரும்பப் பயன்பாட்டுக்கு வந்தன. வழக்குகள் தனியே ஓடுகின்றன.

ஹோல்ஸ்டர் வாங்குகிறவர் இதில் கவனிக்க வேண்டிய ஒரு இடம் உண்டு. பிஸ்டலுக்கு அடியில் டார்ச் மாட்டினால், டார்ச் நுழைவதற்காக ஹோல்ஸ்டரின் வாயை அகலமாகச் செய்வார்கள். அப்போது டிரிக்கர் கார்டின் இரண்டு பக்கமும் இடைவெளி விழும். ஜாக்கெட்டின் கயிறு, கையுறை நுனி, சாவி ஏதாவது அதற்குள் போனால் டிரிக்கரைத் தொட்டுவிடும். எந்தப் பிஸ்டலுக்கும் இது பொருந்தும். மேலிருந்து பார்த்தால் டிரிக்கர் தெரிகிறதா, சுண்டுவிரல் உள்ளே போகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். நம் 1ஏ-வில் டார்ச் மாட்டுகிற பள்ளமே (ரெயில்) கிடையாது, ஆகவே இந்தத் தொல்லை இல்லை.

மதராஸ்_சுபேதார்:

இங்கே சேம்பர் (சுடுவதற்குத் தயாராகத் தோட்டா உட்காரும் இடம்) விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். 1ஏ சிங்கிள் ஆக்‌ஷன். சுத்தியலைப் பின்னால் இழுத்து நிறுத்தினால்தான் முதல் குண்டு சுடும். சேம்பரில் ரவுண்டு போட்டு, சுத்தியலை ஏற்றி, சேஃப்டி போட்டு எடுத்துப் போவது ஒரு முறை. மேகசின் மட்டும் உள்ளே, சேம்பர் காலி என்பது இன்னொரு முறை. நான் பார்த்தவரை இரண்டாவதுதான் வழக்கம், உத்தரவு வந்தால்தான் லோட். எடுத்ததும் ஸ்லைடை (பிஸ்டலின் நகரும் மேல்பகுதியை) இழுத்து விட வேண்டும் என்பதால் ஒரு நொடி அதிகம் ஆகும், இரண்டு கையும் வேண்டும். இருந்தாலும் கேம்பில் அறிக்கை எழுத வைக்கிற விபத்துகளை நிறுத்தியது இந்த முறைதான்.

எந்த முறை என்பது யூனிட்டின் முடிவு. இணையத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு அவன் மாற்றக் கூடாது. ரோந்து கிளம்பும்போதும் திரும்பும்போதும் என்.எஸ்.பி. (ஆயுதம் காலியா என்று பார்க்கும் வழக்கமான பாதுகாப்புச் சோதனை) செய்வதைத் தூக்கத்திலும் தவறவிடக் கூடாது. மேகசின் எடு, ஸ்லைடை இழு, சேம்பரைக் கண்ணால் பார், விரலால் தொட்டுப் பார். ஹை-பவர் வம்சத்தில் இன்னொரு குணம் உண்டு, மேகசின் இல்லாமல் டிரிக்கர் வேலை செய்யாது. அதனால் மேகசினை எடுத்துவிட்டோம், இனிப் பயமில்லை என்று பையன்கள் நினைப்பார்கள். சேம்பரில் ரவுண்டு கிடக்கும். மேகசினைத் திரும்பப் போட்ட அடுத்த நொடி அது உயிருள்ள ஆயுதம்.

மருத்துவப்படை_மலர்:

நான் ராணுவ மருத்துவப் படையில் இருந்தவள். டாக்டருக்கு எதற்குத் துப்பாக்கி என்று கேட்பார்கள். 1949 முதலாம் ஜெனீவா ஒப்பந்தத்தின் 22-வது பிரிவு, மருத்துவப் பணியாளர்கள் தங்களையும் தங்கள் பொறுப்பில் இருக்கும் காயம்பட்டவர்களையும் காக்க ஆயுதம் வைத்திருக்கலாம், அதனால் அவர்களுக்குள்ள பாதுகாப்பு போய்விடாது என்கிறது. அதனால் பிஸ்டல் எங்களுக்கும் பழக்கம்.

ஆண்கள் யாரும் எழுதாத ஒன்றை எழுதுகிறேன். இடுப்பு பெல்ட் ஹோல்ஸ்டர் பெண்களுக்கு அப்படியே பொருந்தாது. எங்கள் இடுப்பெலும்பு வெளியே விரிவதால் பிஸ்டலின் பிடி உள்பக்கம் சாய்ந்து விலாவில் குத்தும். உடற்பகுதி நீளம் குறைவாக இருந்தால் பிடி கிட்டத்தட்ட அக்குளுக்கே வந்துவிடும், உருவி எடுக்கக் கையைத் தோளுக்கு மேல் தூக்க வேண்டி இருக்கும். ஹோல்ஸ்டரைப் பெல்ட்டில் இருந்து கொஞ்சம் கீழே இறக்கி, கொஞ்சம் வெளியே தள்ளி நிறுத்துகிற தகடு தனியாகக் கிடைக்கும். அதை மாட்டினால் வலி போய்விடும். ஓ.டி.ஏ.வில் 1992-ல் இருந்து பெண்கள் பயிற்சி பெறுகிறார்கள், இந்த இழையைப் படிக்கிற தங்கைகளும் இருப்பார்கள் என்றுதான் எழுதினேன்.

ஆண்களுக்கும் புல்லட் புரூஃப் ஜாக்கெட் போட்டால் இதே சிக்கல்தான். ஜாக்கெட்டின் கீழ் விளிம்பு பிடியின் மேல் உட்காரும். சட்டை மட்டும் போட்டுக்கொண்டு கடையில் மாட்டிப் பார்த்தது எதற்கும் உதவாது.

குளிர் இடத்துப் போஸ்டிங் வந்தால் இன்னும் ஒன்று. உயரமான போஸ்ட்களில் வெறும் கையால் உலோகத்தைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும், குளிர்ப்புண் வரும். தடித்த கையுறையோடு ஹோல்ஸ்டரின் பட்டன் திறக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சின்ன ப்ரெஸ் பட்டன்கள் அங்கே திறக்காது.

நொய்யல்_செந்தில்:

மேடம், ரொம்ப நன்றி. அப்படியானால் ஜாக்கெட்டுக்குக் கீழே தொடையில் கட்டுவதுதான் நல்லதா? படங்களில் கமாண்டோக்கள் எல்லாம் அப்படித்தான் கட்டுகிறார்கள்.

டெக்சாஸ்_கதிர்:

ஜாக்கெட் விளிம்பைத் தாண்டுகிற அளவுக்கு இறக்கினால் போதும். பலர் முழங்கால் வரைக்கும் தொங்க விடுகிறார்கள், அது தப்பு. மேகசின் நிறைந்த 1ஏ ஒரு கிலோவைத் தாண்டும். அவ்வளவு எடை தொடையின் கீழ்ப்பகுதியில் இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் ஆடும், ஓடும்போது முன்னும் பின்னும் அடிக்கும், மாலைக்குள் ஒரு பக்க இடுப்பு வலிக்கும். கால் பட்டை இரண்டு இருந்தால் ரத்த ஓட்டத்தை இறுக்கும். மேலே ஒரு பட்டை போதும், அதுவும் கவட்டைக்கு நெருக்கமாக.

வண்டியில் நெடுநேரம் உட்காருகிறவர்களுக்கு மட்டும் நெஞ்சுப் பக்கம் வசதி. சீட் பெல்ட்டுக்கும் கதவுக்கும் நடுவே இடுப்பில் கை போகாது. டாங்க் ஆட்கள் இரண்டாம் உலகப்போர்க் காலத்திலேயே தோளில் மாட்டும் ஹோல்ஸ்டர் வைத்திருந்தது அதனால்தான். ஆனால் நெஞ்சில் மாட்டினால் குப்புறப் படுக்க முடியாது, உருவும்போது குழல் பக்கத்து ஆளின் மேல் போகும். காலாட்படைப் பையனுக்கு அது வேண்டாம்.

நெறியாளர்:

நல்ல இழை, தொடருங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். பையனின் பெயர், சேரப்போகும் யூனிட், இடம், தேதி எதையும் இங்கே எழுத வேண்டாம். சர்வீஸில் இருப்பவர்களும் தங்கள் போஸ்டிங் விவரங்களைத் தவிர்க்கவும். ஒரு பதிவில் இருந்து ஊர்ப் பெயரை நீக்கியிருக்கிறேன்.

ஆம்பூர்_பட்டறை:

வணக்கம். தோல் வேலை எங்களுக்குத் தலைமுறைத் தொழில். பெல்ட், உறை, ஹோல்ஸ்டர் எல்லாம் செய்கிறோம். பிளாஸ்டிக்கைப் பற்றியே பேசுகிறீர்கள், தோலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன்.

ஹோல்ஸ்டருக்கு எல்லாத் தோலும் ஆகாது. ஷூவுக்கும் பைக்கும் போகிற க்ரோம் தோல் மெத்தென்று இருக்கும், வடிவத்தில் நிற்காது. அதோடு அதில் மிச்சமிருக்கும் உப்பு இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். பட்டையில் பதனிட்ட தோல்தான் சரி. முன்பு ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டதும் இந்த வகைதான். அந்தத் தோலை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, பிஸ்டல் வடிவத்து அச்சை உள்ளே வைத்து, மழுங்கிய எலும்புத் துண்டால் ஸ்லைடின் விளிம்பு, டிரிக்கர் கார்டின் வளைவு என்று ஒவ்வொன்றாக அழுத்தித் தேய்ப்போம். நிழலில் காய்ந்ததும் அப்பளம் மாதிரி விறைத்துக்கொள்ளும், பிஸ்டல் உள்ளே போகும்போது ‘டப்’ என்று உட்காரும். சத்தம் போடாது, உடம்பில் உராய்ந்தாலும் புண் ஆகாது. டிரெஸ் யூனிஃபார்முக்கு இதைவிட அழகு கிடையாது.

ஆனாலும் என் தொழில் என்பதற்காக மறைக்க மாட்டேன். களத்துக்கு, அதுவும் வடகிழக்கு மழைக்குத் தோல் வேண்டாம். ஈரத்தைக் குடித்தால் நாள் கணக்கில் விடாது, பூஞ்சை பிடிக்கும், வாய்ப்பகுதி தளர்ந்து மடியும். மடிந்த வாய் பிஸ்டலை உள்ளே வைக்கும்போது டிரிக்கர் மேல் படலாம். ஈரத் தோலுக்குள் பிஸ்டலை இரவு முழுக்க வைத்தால் காலையில் துரு தெரியும். எந்தத் தோல் ஹோல்ஸ்டரிலும் பிஸ்டலை வைத்து மாதக்கணக்கில் பெட்டியில் பூட்டக் கூடாது.

மதராஸ்_சுபேதார்:

நேர்மையாகச் சொன்னீர்கள் தம்பி, சந்தோஷம். ஒன்று சேர்க்கிறேன். ஹோல்ஸ்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பெல்ட் சரியில்லை என்றால் வீண். மெல்லிய பெல்ட் முறுக்கிக்கொள்ளும், உருவும்போது ஹோல்ஸ்டரும் கூடவே மேலே வரும். உள்ளே விறைப்பான பட்டை வைத்த அகல பெல்ட் வேண்டும்.

வந்த பிறகு காலி பிஸ்டலில் அவன் செய்ய வேண்டியது: தலைகீழாகப் பிடித்துக் குலுக்கட்டும். முழு சாமான் மாட்டி ஓடட்டும், குப்புற விழட்டும், ஊரட்டும். பக்கத்தில் இருக்கிறவன் பின்னால் இருந்து பிடுங்கிப் பார்க்கட்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, திரும்ப வைக்கட்டும், அதுவும் வலது கை, இடது கை இரண்டாலும். வலது கையில் அடிபட்டால் இடது கைக்கு அது எட்ட வேண்டும். இதை ரேஞ்சுக்கு வெளியே செய்வதாக இருந்தால் தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.

நொய்யல்_செந்தில்:

ஐயா, இப்போதுதான் உறைக்கிறது, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பையன் இடது கைக்காரன். எழுதுவது, சாப்பிடுவது, கிரிக்கெட் எல்லாம் இடது. இதனால் ஏதாவது மாறுமா?

மதராஸ்_சுபேதார்:

நிறைய மாறும். 1ஏ-வின் சேஃப்டி இடது பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது, வலது கைக் கட்டைவிரலுக்காக வைத்தது. அந்த நெம்புகோலும் சின்னது. இடது கையால் பிடித்தால் கட்டைவிரல் மறுபக்கம் போய்விடும், சேஃப்டியை ஆள்காட்டி விரலாலோ வலது கையாலோதான் தள்ள வேண்டும். சேம்பர் காலியாக எடுத்துப் போகிற யூனிட் என்றால் இது பெரிய தடையில்லை, ஸ்லைடை இழுக்க எப்படியும் வலது கை வரப்போகிறது.

ஆனால் அதற்கு முன் ஒன்று கேளுங்கள். ஓ.டி.ஏ.வில் அவனை எந்தக் கையால் சுட வைத்தார்கள்? இடது கைக்காரர்கள் பலர் ரைஃபிளை வலது தோளில் வைத்துப் பழகிவிடுகிறார்கள். ரைஃபிள் வலது, பிஸ்டல் இடது என்றால் அதுவும் ஒரு வசதிதான். ரைஃபிளை வலது கையில் பிடித்தபடியே இடது கையால் பிஸ்டலை எடுக்கலாம். ஏ.கே.யின் ஸ்லிங் எந்தப் பக்கம் தொங்குகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் ஹோல்ஸ்டர் இருந்தால் ஒன்றோடு ஒன்று மாட்டாது. இதை அவன் அங்கே இருக்கிற வெப்பன் ட்ரெயினிங் உஸ்தாதிடமே கேட்டு முடிவு செய்யட்டும்.

டெக்சாஸ்_கதிர்:

இடது கை மேகசின் பட்டனுக்குக் கெட்டதில்லை. இடது பக்கம் இருக்கிற பட்டனை ஆள்காட்டி விரலால் அழுத்தலாம், பழகினால் வேகமாகவே வரும். ஹோல்ஸ்டரில்தான் கஷ்டம். ஹை-பவருக்கு, அதுவும் இடது கைக்கு, தானே பூட்டுகிற வார்ப்பு ஹோல்ஸ்டர் கிடைப்பது அரிது. இருபுறமும் மாற்றிப் போடக்கூடிய, மூடி வைத்த நைலான் ஹோல்ஸ்டர்தான் சுலபமாகக் கிடைக்கும். அதோடு ஐயா சொன்ன லேன்யார்டையும் மாட்டினால் எனக்கு முழுத் திருப்தி.

நொய்யல்_செந்தில்:

போனில் கேட்டேன். ரைஃபிள் வலது தோள், பிஸ்டல் இடது கையாம். உஸ்தாதும் அதையே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டாராம். சரி, களத்துக்கு நைலான் மூடி ஹோல்ஸ்டர், விறைப்பான பெல்ட், லேன்யார்ட். இதோடு டிரெஸ்ஸுக்கு என்று ஆம்பூர் அண்ணனிடம் ஒரு தோல் ஹோல்ஸ்டரும் செய்யலாம் என்று ஆசை. பிஸ்டலைக் கொண்டுவந்து அளவு கொடுக்க முடியாதே, என்ன செய்வது?

ஆம்பூர்_பட்டறை:

பிஸ்டல் வேண்டவே வேண்டாம். ஹை-பவர் அளவில் பயிற்சிக்கு விற்கிற சுடாத ரப்பர் மாதிரி ஒன்று பட்டறையில் இருக்கிறது, அதையே அச்சாக வைத்துக்கொள்கிறேன். இடது கைக்குத் தையல் பக்கமும் கட்டைவிரல் பட்டையும் மாறும், தனி பேட்டர்ன் வெட்ட வேண்டும், வெட்டிவிடலாம். ஆனால் இப்போதே தொடங்க வேண்டாம். டிரெஸ்ஸுக்கு என்ன நிறம், என்ன வடிவம் என்று ஒவ்வொரு ரெஜிமென்ட்டுக்கும் வழக்கம் இருக்கும். அவர் யூனிட்டில் சேரட்டும், அட்ஜுடன்ட்டிடம் (யூனிட்டின் நிர்வாக அதிகாரியிடம்) காட்டிச் சரி என்று வாங்கட்டும். அதன் பிறகு பெல்ட் அகலத்தையும் தடிமனையும் மில்லிமீட்டரில் அளந்து அனுப்பச் சொல்லுங்கள்.

வெட்டுவதற்கு முன்னால் அட்டையில் செய்து அனுப்புகிறேன், பெல்ட்டில் கோத்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.